படைவழியில் அப்பாவின் நாய்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. மாசி மாதம் அப்பா இறந்தார்.
2. அவருடைய நாய் என்னிடம் வந்தது.
3. வைகாசியில் நானும் நாயும் ஸ்கேயனுக்குப் பக்கத்து மணல்மேட்டிலிருந்து தெற்கே மலையை நோக்கி நடக்கத் தொடங்கினோம்.
4. வழியில் அப்பாவின் மாதத் திதி வந்தது. அம்மா படையலோடு வந்தா.
5. நாய் சாகப் பார்த்தது.

அப்பா சொன்ன பாலைவனம், மலை என்பதெல்லாம் டென்மார்க் அளவில்தான். பாலைவனம் என்பது நாட்டின் வடமுனையில், காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாக நகரும் ஒரு மணல்மேடு. நடுவில் நின்றால் நாலு பக்கமும் மணல். ஏறி இறங்கினால் கார் தரிப்பிடம். மலை நூற்றைம்பது மீற்றர்கூட இல்லை. பெயர் மட்டும் வானமலை. இரண்டுக்கும் இடையில் பெரும்பகுதி பழைய படைவழி. முந்தி படைகளும் மாட்டு மந்தைகளும் போன பாதை, இப்போது முதுகில் பையோடு போகிறவர்களுக்கு.

அப்பா தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் வாங்கிய நாய் அது. சின்னப் பண்ணை நாய், வெள்ளையில் பழுப்புத் திட்டு. பிரெடெரிசியாவில் அம்மா அப்பாவின் வீட்டுக்கு ஆர் வந்தாலும் அப்பா சொல்லுவார்: "இந்த நாட்டில பாலைவனத்தில இருந்து மலைக்கு நடந்தே போகலாம். நானும் இவனும் ஒருநாள் போகப்போறம்."

குசினிக்குள் இருந்து அம்மா: "போற ஆக்கள் சோத்தையும் அங்கையே பாருங்கோ."

அம்மா நாயைத் தொடமாட்டா. அதனால் அப்பா போனபின் அது ஓல்போர்க்கில் என் வீட்டுக்கு வந்தது. அங்கே காற்றாலைகளின் அதிர்வை அளப்பது என் வேலை. எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் பதிவுசெய்வோம், ஏன் என்பது பிறகு. அப்பாவின் விஷயத்திலும் நான் அந்த முதல் கட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். விடுமுறை எடுத்தேன், பை கட்டினேன்: கூடாரம், அடுப்பு, நாய்க்குச் சாப்பாடு, அவனுடைய பாதங்களுக்குப் பூசும் களிம்பு. துக்கத்துக்காக நடக்கிறேன் என்று நினைக்கவில்லை. செய்வதற்கு வேறொன்றும் தோன்றவில்லை.

மணலில் அவனுக்குக் கண் எரிந்தது. துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். பிறகு ஊசியிலைக் காடு, வயல், தார் றோட்டு, திரும்பவும் வயல். இரவில் மூன்று பக்கம் மட்டும் சுவர் உள்ள மரக்கொட்டில்களில் படுத்தோம். அவன் முன்னால் நடப்பான், அடிக்கடி நின்று திரும்பிப் பார்ப்பான். என்னை அல்ல. எனக்குப் பின்னால் ஆரும் வருகினமோ என்று. நான் அதைக் கண்டேன். நடந்தேன்.

திதிக்கு வீட்டுக்கு வரச்சொல்லி அம்மா தொலைபேசியில் கேட்டா. நடக்கிறேன் என்றேன். "அப்ப நாங்கள் வாறம்" என்றா.

வீபோர்க்குக்குக் கிட்ட ஒரு ஏரிக்கரைக் கொட்டிலில் காத்திருந்தேன். அண்ணா காரில் அம்மாவைக் கொண்டுவந்து இறக்கினான். சூடு ஆறாத பாத்திரங்கள், சுருட்டிய வாழையிலை, பிரேம் போட்ட அப்பா. மர மேசையில் படத்தைச் சாய்த்து வைத்து அம்மா படைத்தா. அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு, உளுந்து வடை, முந்திரிகை வற்றல் அள்ளிப் போட்ட சர்க்கரைப் புக்கை என்கிற பொங்கல். பிறகு காகத்துக்கு ஒரு பங்கை இலையில் எடுத்துக் கரையில் வைத்தா. பிரெடெரிசியாவில் கார்த் தரிப்பிடத்துச் சாம்பல் காகங்கள் அம்மாவின் கையை அறியும். இங்கே ஒன்றும் வரவில்லை.

"டேனிஷ் காகம், முன்கூட்டிச் சொல்லாமல் வராது" என்றான் அண்ணா.

"வாயை மூடு."

நான் பாத்திரங்களைக் கழுவத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது காகத்துக்கு வைத்த இலை நாயின் முன்னால் கிடந்தது. அவன் அதை நக்கி முடித்திருந்தான். அம்மா பக்கத்தில் குந்தியிருந்தா. நாய்க்கு அவ்வளவு கிட்ட அவ இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"காகம் வரேல்லைப் பிள்ளை. அப்பா வளர்த்தது, அவர் சாப்பிட்ட மாதிரித்தானே."

"புக்கையும் குடுத்தனீங்களோ?"

"அதைத்தான் முதல்ல திண்டவன்."

முந்திரிகை வற்றல், அதாவது காய்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சின்ன நாய்க்கு ஒரு கைப்பிடியே அதிகம். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். உடனே கொண்டுவா என்றார்கள். எனக்குக் குரல் மாறவில்லை. நிறை, வயது, தின்ற நேரம் எல்லாம் கேட்ட ஒழுங்கில் சொன்னேன்.

காரில் அம்மா பின்னுக்கு ஏறினா. நாயை எங்கே வைப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, "இஞ்ச தா" என்று மடியில் வாங்கினா. சேலையில் மண் பிரண்டது.

ஊசி போட்டுச் சத்தி எடுக்க வைத்தார்கள். வெளியே வந்த சாப்பாடு கொஞ்சம்தான். சேலைன் ஏற்றி வைத்திருக்கவேண்டும், இரத்தம் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும், சிறுநீர் நின்றால் ஒன்றும் செய்யமுடியாது என்று வைத்தியர் டேனிஷில் சொன்னா. அம்மாவுக்கு டேனிஷ் அரைகுறை; நான் மொழிபெயர்க்கும்போது கடைசி வரியை விட்டேன்.

"முழுக்கச் சொல்லு. வயசுபோன ஆக்களின்ர இல்லத்தில இவ்வளவு காலம் வேலை செய்தனான், சிறுநீர் நிண்டா என்னெண்டு எனக்குத் தெரியும்." பிறகு: "என்ர புக்கையாலையோ?"

"ஓம்."

அண்ணா என்னை முறைத்தான். அவ கேட்டா, சொன்னேன். அது உண்மை.

அம்மா சேலைத் தலைப்பிலிருந்த மண்ணைத் தட்டினா. "அந்த மனுசன்ர உடுப்பு, கண்ணாடி, சப்பாத்து எல்லாம் துடைச்சு வைச்சிருக்கிறன். உயிரோட அவர் விட்டுட்டுப் போனது இது ஒண்டுதான். இதையும் நான்..."

சுவரில் பூனைகளின் பற்களைப் பற்றிய விளக்கப்படம் ஒன்று இருந்தது. அதை வாசித்தேன்.

நாங்கள் வீபோர்க்கில் மலிவான ஒரு விடுதியில் தங்கினோம். அடுத்த நாள் சிறுநீரக எண் ஏறியது. அதற்கடுத்த நாளும். பிறகு ஏறாமல் நின்றது. வைத்தியர் வந்து அவன் மூத்திரம் பெய்கிறான், நிறையப் பெய்கிறான் என்று சொன்னபோது அம்மா என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் தலையாட்டினா.

அன்றைக்கு நடையை நிறுத்தினேன். அண்ணாவின் காரில் பையைப் பின்னுக்குப் போட்டேன்.

இப்போது நாய் என்னோடு ஓல்போர்க்கில் இருக்கிறான். எண் சாதாரணத்துக்கு மேலேதான் நிற்கிறது, இனி இறங்காது என்கிறார்கள். சிறுநீரகத்துக்கான தனிச் சாப்பாடு, நிறையத் தண்ணீர், குட்டி நடை மட்டும். அம்மா ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசி எடுத்து, "பெய்தவனோ?" என்று கேட்பா. நான் ஓம் என்பேன். அவ வைத்துவிடுவா. வீபோர்க்குக்குத் தெற்கே உள்ள பாதையை நாங்கள் நடக்கவில்லை. அவனால் முடியாது. அவனில்லாமல் போகிற எண்ணம் எனக்கு இல்லை.