மணல் மேட்டில் வேலம்மா

ரங்கூன் லான்மடாவில் குடியிருந்த வேலம்மா, டாலா அரிசி ஆலையை நிர்வகித்த ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஆயாவாக இருந்தாள். அவள் புருஷன் அய்யாசாமி அங்கேயே பட்லர். ஆண்டுதோறும் துரை குடும்பம் தெற்கே ஒரு கடற்கரைக்கு ஓய்வுக்குப் போகும். இவர்களும் கூடப் போவார்கள். அங்கே துரை கோல்ப் ஆடுவார். மட்டைப் பை அய்யாசாமியின் தோளில்.

1924-ல் அப்படிப் போயிருந்தபோது அவர்களுடைய கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தது. மீனவர்களும் கூலிகளும் புதைக்கும் கடலோர மணலில் புதைத்தார்கள். அதுவும் ஆட்டக்களத்துக்குள்தான் இருந்தது. சமாதியில் பந்து விழுந்தால் தண்டனையில்லாமல் எடுத்து, பக்கத்தில் வைத்து ஆடலாம் என்று கிளப்பில் ஒரு விதி. அதை நாகரிகம் என்று சொல்லிக்கொண்டார்கள். அங்கே ஆடாமலே இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடற்காற்று குழந்தையைப் புதைத்த மேட்டைக் கரைத்துவிடும். வரும்போதெல்லாம் வேலம்மா மணலை அள்ளிக் குவிப்பாள்.

"அள்ளிப் போட்டா எந்திரிச்சு வந்துருமாடி?" என்பான் அய்யாசாமி.

"வராது. எவனும் மிதிக்காம இருந்தாப் போதும்."

மூன்றாம் ஆண்டு துரைக்கு ஒரு நீதிபதி எதிராளியாக வாய்த்தார். தினமும் தோற்ற துரை, விடுமுறையின் கடைசி ஆட்டத்தில் மட்டும் ஈடுகொடுத்து வந்தார். கடைசிக் குழியை நோக்கி நீதிபதி அடித்த பந்தைக் காற்று தள்ளிக்கொண்டுபோய் அந்த மேட்டில் புதைத்தது. சமாதி என்றால் எடுத்து வைக்கலாம். வெறும் மணல் என்றால் புதைந்தபடியே தோண்டி அடிக்க வேண்டும், துரை ஜெயித்துவிடுவார்.

"அய்யாசாமி, இது சமாதியா?" என்று துரை கேட்டார். கேட்ட விதத்திலேயே அவருக்கு வேண்டிய பதிலும் இருந்தது.

"வெறும் மணல் மேடுங்க, தொரை."

நீதிபதி கனத்த இரும்பு மட்டையை எடுத்தார். துரையின் சின்ன மகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்ற வேலம்மா, குடையைப் பக்கத்தில் நின்ற துரைசானியிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்து மேட்டின்மேல் உட்கார்ந்தாள்.

இரண்டு கனவான்களும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பந்துக்கு அருகில் ஆள் உட்கார்ந்தால் விதி என்ன சொல்கிறது என்று பேசத் தொடங்கினார்கள். படிப்பு மனிதனை இந்த அளவுக்குத்தான் உயர்த்துகிறது.

"எந்திரி வேலு. தொரைங்க காத்திருக்காங்க."

"மணல்னு நீதானே சொன்ன? மணல்ல ஒக்காந்தா என்ன?"

"மானத்த வாங்காத."

"உள்ள இருக்கிறது யாருன்னு சொல்லு. எந்திரிக்கிறேன்."

அய்யாசாமி துரையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தபடி, "எங்க புள்ளதாங்க, தொரை" என்றான்.

நீதிபதி தொப்பியைக் கழற்றினார், பந்தை எடுத்துத் தள்ளி வைத்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு அடித்தார். ஜெயித்தார். விதி எவ்வளவு கருணையானது என்று அன்று மாலை எல்லோரிடமும் சொன்னாராம்.

வேலம்மாவைப் புகழ எனக்கு விருப்பமில்லை. அவள் செய்யாமல் இருக்க முடியாததைச் செய்தாள். ரங்கூன் திரும்பியதும் வேலையை விட்டுவிட்டு, லான்மடா சந்தையில் கருவாடு விற்க உட்கார்ந்தாள். துரை அய்யாசாமியைப் பட்லராகவே வைத்துக்கொண்டார். மட்டைப் பையை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பை போனதைத்தான் அவன் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வருந்துகிறான். வேலம்மா அவனுக்குச் சோறு போடுகிறாள். பிறகு கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறாள்.