பீல்ட் மார்ஷலின் பெல்ட்

லண்டனில் ராணுவ உடுப்புத் தைக்கும் கடையொன்றில் பதினெட்டு வருஷம் துணி வெட்டும் கட்டராக இருந்தேன். ராஜாக்களுக்கும் வெட்டினேன், சர்வாதிகாரிகளுக்கும் வெட்டினேன். ராஜாக்களுக்கு பீல்ட் மார்ஷல் பதவி முடியோடு சேர்ந்தே வந்துவிடும். மற்றவர்கள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு ஜனாதிபதி அப்படி எடுத்துக்கொண்டார். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். அணிவகுப்புக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவருடைய கர்னல் எட்டு வருஷப் பழைய அளவுத் தாளோடு வந்தார். இடுப்பு நாற்பத்திநாலு.

"ஒருக்கால் புதிதாக அளவெடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"எங்கள் தலைவர் மாறுவதில்லை" என்றார் கர்னல்.

அவர் போனதும் வெள்ளைக்கார முதலாளி சொன்னார்: "தாளில் உள்ளபடி வெட்டு. மாற்றி வெட்டிப் பிழை வந்தால் நாளைக்கு வேலைக்கு வராதே." அப்போது எனக்கு வீட்டுக் கடன், படிக்கிற இரண்டு பிள்ளைகள்.

கொக்கியை மினுக்கச் சொல்லித் தலைவரின் பழைய பெல்ட்டையும் கர்னல் விட்டுப் போயிருந்தார். கோட் தைக்கும் சிவா அதைத் திருப்பிப் பார்த்தான். பழைய ஓட்டைகளைத் தாண்டி, கொக்கிப் பக்கமாக, கத்தி முனையால் குத்தினதுபோல் நாலு புது ஓட்டைகள். கடைசி ஓட்டைதான் தேய்ந்திருந்தது.

"அண்ணை, ஆளுக்கு ஏதோ பெரிய வருத்தம், நோய் போல. நல்லா மெலிஞ்சிட்டார்."

"ஓம். அதைச் சொல்ல அங்க ஒருத்தருக்கும் ஏலாது."

"நாங்கள் சொல்லலாமோ?"

"எங்களுக்கும் ஏலாது. வெட்டத்தான் ஏலும்."

பெல்ட் சொன்ன இடுப்புக்கே வெட்டினேன். பதக்க வரிசை கனம், மெலிந்த நெஞ்சில் துணியை இழுத்துவிடும். அதனால் நெஞ்சுக்கு விறைப்பான கன்வஸ் துணி இரட்டையாக வைத்து, தோளுக்குப் பஞ்சுப் பேடிங் போட்டு, வெளியே பழைய ஆள் மாதிரியே நிறுத்தினோம். எனக்குப் பயம் இல்லாமலில்லை. பிறகு அகட்ட வேண்டி வந்தால் என்று தையலுக்குள் இரண்டு அங்குலம் விட்டு வைத்தேன்.

கோட்டை எடுக்க வந்த கர்னல், முதலாளி பார்த்திருக்க, டேப்பைக் கோட்டின் இடுப்பில் வைத்தார். முப்பத்தெட்டு. முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. கர்னல் கோட்டின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பேடிங்கில் கை கொஞ்ச நேரம் நின்றது.

"யார் வெட்டியது?"

"நான்தான், சேர்."

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "தாளில் உள்ள அளவேதான்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட மனமில்லாமல் பிடித்தபடி நின்றார்.

அன்று ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த வீட்டுக்கு ரயிலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அணிவகுப்பை டிவியில் காட்டினார்கள். தலைவரின் கோட் முதுகில் ஒரு சுருக்கம் இல்லை.

இப்போது வெட்டப் பழகுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்: தாளை வாசியுங்கள். பிறகு பெல்ட்டில் எந்த ஓட்டை தேய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள்.