பாண்டாவும் எங்கள் உருளைக்கிழங்கும்

மலைமேல் இருக்கும் போளூரில் எங்கள் வீட்டு மாடி அறையைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த வருடம் விடாத மழையிலும் மூடுபனியிலும் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கருகல் நோய் விழுந்து, கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. நானும் என் கணவரும் கருகிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

மாடியில் தங்கியிருந்த சென்னைக்காரர் வரப்பில் வந்து நின்றார். “இதை அழிவுன்னு பாக்காதீங்கக்கா. பாண்டா மூங்கிலைத் தின்னு வாழுது. இந்தக் கிருமி உருளைச் செடியைத் தின்னு வாழுது. இயற்கைக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்.

மாட்டைக்கூட அதட்டாத என் கணவர் நிமிர்ந்தார். “எழவு வீட்டுல வந்து பேசுற பேச்சாங்க இது? வெரசா பையை எடுத்துட்டுக் கெளம்புங்க.”

“நான் அறிவியலைத்தானே சொன்னேன்?”

“அதைப் பசியில்லாதவன்கிட்டப் போயிச் சொல்லுங்க” என்றேன் நான்.

அவர் முகம் சிவக்க, அப்போதே ஜீப் ஏறிப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் பிழையில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனாலும் மன்னிக்க மனம் வரவில்லை. எங்கள் மலையையே பார்த்திராத பாண்டாவைப் படத்தில் பார்த்தால்கூட எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.