தேர் அன்று கேட்ட அடையாளம்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின் நடுவே சாட்சி நேரம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து, அந்த வாரம் ஆண்டவர் தங்களோடு பேசியதைச் சொல்லலாம். முன்பெல்லாம் நான்தான் முதலில் எழுவேன். எந்த வேலைக்குப் போவது, கடலூர் முதுநகரில் எந்த வீட்டுக்குக் குடிபோவது, எல்லாம் கேட்டுத்தான் செய்வேன். முழங்காலில் நின்றால் போதும், நெஞ்சுக்குள் ஒரு அமைதி வந்து இறங்கும். அதுதான் பதில். தேவனாம்பட்டினத்தில் மீன்கூடை சுமந்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு இப்படி ஒரு துணையா என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

எப்போது ரொம்பத் தேவைப்பட்டதோ, அப்போது பார்த்து அந்த அமைதி நின்றுபோனது.

சிதம்பரத்திலிருந்து தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, அத்தை பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு போச்சு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று, "செத்தாலும் எம் மூஞ்சில முழிக்காத" என்று சொன்னவள் என் அம்மா. அதன் பிறகு தம்பியோடு சிதம்பரம் போய்விட்டாள். போனில் என் குரல் கேட்டாலே தம்பியிடம் நீட்டிவிடுவாள். இப்போது நான் போய் நின்றால் மனம் இளகுவாளா, இல்லை ஆத்திரத்தில் இன்னும் உடம்பைக் கெடுத்துக்கொள்வாளா? ஆண்டவரே, போகட்டுமா, வேண்டாமா? ஒரே ஒரு வார்த்தை. உபவாசம் இருந்தேன். அழுதேன். சுவரோடு பேசியதுபோலத்தான் இருந்தது. பக்கத்தில் உட்காரும் சிஸ்டர் வேறு, "என்ன சிஸ்டர், இந்த வாரமும் சாட்சி இல்லையா?" என்று கேட்டு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். அம்மாவுக்காக ஏங்கினேனா, அந்தப் பதிலுக்காக ஏங்கினேனா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் அடையாளம் கேட்டேன். "நாளைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன் ஆண்டவரே. சிதம்பரம் பஸ்ல உக்கார ஒரு சீட் இருந்தா போறேன். இல்லாட்டி திரும்பிடறேன்." மறுநாள் கடலூர் பஸ் ஸ்டாண்டில் வந்த பஸ் எல்லாம் படிக்கட்டு வரை பிதுங்கியது. வேண்டாம் என்கிறார்போல என்று வீட்டுக்கு வந்து படுத்து அழுதேன்.

தம்பி மனைவியிடம் சொன்னதும் போனிலேயே சிரித்துவிட்டாள். "ஐயோ அண்ணி! இன்னைக்கு நடராஜர் தேரு! நாளைக்குத் தரிசனம்! இந்தக் கூட்டத்துல சீட்டு எவனுக்குக் கெடைக்கும்?" பிறகு குரல் இறங்கியது. "அத்தை சோறே எடுத்துக்க மாட்டேங்குறாங்க அண்ணி."

எனக்கு வந்ததே கோபம்! பாதி என் மேல், பாதி ஆண்டவர் மேல். "நீங்க பேசாட்டி போங்க. நான் போறேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டு மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். விபூதி பூசிய கூட்டத்துக்கு நடுவில், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வழி நெடுக நின்றுகொண்டே போனேன். சண்டை போட்டுவிட்டு வந்தவள்தான், ஆனாலும் வாய் தன்பாட்டுக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தது. பதில் இல்லை. நிறுத்தவும் மனம் வரவில்லை.

கட்டிலில் அம்மா பாதி ஆளாகக் கிடந்தாள். என்னையே பார்த்தாள்.

"இன்னைக்குத்தான் உங்க சாமி உத்தரவு குடுத்தாரா?"

"குடுக்கலம்மா. கேட்டுக் கேட்டுப் பாத்தேன். ஒண்ணுமே சொல்லல. நானா வந்துட்டேன்."

அம்மா முகத்தைத் திருப்பவில்லை. "நானுந்தான் கேட்டேன். உன்னைக் கூப்புடட்டுமான்னு வருஷா வருஷம் தேருல நின்னு கேட்டேன். அவரும் வாயத் தொறக்கல. ஒன்னாட்டம் கெளம்பி வரத்தான் எனக்குத் தோணாமப் போச்சுடி."

இருவரும் அழுதோம். தம்பி மனைவி ரசம் சோற்றைக் குழைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அம்மாவுக்கு ஊட்ட முதல் வாயை எடுத்ததும் பழக்கத்தில் ஜெபிக்கக் கண்ணை மூடிவிட்டேன். உடனே பயந்துபோய்த் திறந்தேன். என்ன சொல்வாளோ!

"முடிச்சிட்டியா?" என்றாள் அம்மா.

"இன்னும் இல்லம்மா."

"முடி. இருக்கேன்."

மறுபடி கண்ணை மூடினேன். அவர் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிக்கும் வரை அம்மா பசியோடு காத்திருந்தாள்.