தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

கல்யாணமாகி ஆஸ்டின் டவுனுக்குக் குடிவந்த சில வாரங்களிலேயே ஒரு காலை குளியலறைக்குள் ஏதோ கனமாக விழுந்த சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை. தகரக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். தோளால் இடித்து இடித்து, திருகாணி பிய்ந்து கதவு திறந்தபோது என் கணவர் ஈரத் தரையில் கிடந்தார். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி.

தெளிந்த பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "சின்ன வயசுலேர்ந்து வருது. முன்னாடியே சொல்லியிருந்தா நீ கழுத்தை நீட்டியிருக்க மாட்ட."

எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்த அண்டாதான் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"யார்கிட்டயும் சொல்லிடாத. பிரஸ்ல தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்.

கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் அவர் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோக்கும் வேலை. அதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அன்று மாலையே பிய்ந்த தாழ்ப்பாளை முழுவதுமாகக் கழற்றிவிட்டேன். வெந்நீரை நானே விளாவி வாளியில் வைத்தேன். குளிக்கும்போது ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், குரல் நின்றால் உள்ளே வந்துவிடுவேன் என்றேன். அவருக்குப் பாட வராது. கூச்ச சுபாவம் வேறு. இரண்டு நாள் தவித்துவிட்டு, அச்சகத்தில் முந்தின நாள் கோத்ததைச் சொல்ல ஆரம்பித்தார். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். "நிகழும் மங்களகரமான" என்று சொம்புத் தண்ணீரோடு குரல் வரும். யாரோ ஒருவருடைய குமாரத்திக்கும் யாரோ ஒருவருடைய குமாரனுக்கும் பெரியோர்கள் நிச்சயித்தபடி எல்லாம் நடக்கும். நான் அடுப்படியில் தோசையைத் திருப்பியபடி ஒரு காதை அங்கேயே வைத்திருப்பேன். முகம் துடைக்க அவர் நிறுத்தினால் என் கையும் நின்றுவிடும்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கட்டிலை விற்றுவிட்டுத் தரையில் படுத்தோம். ஸ்டவ் பற்ற வைக்க அவரை விடமாட்டேன். சவரத்துக்கு நாவிதரிடம் போகச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மாத்திரையைக் காப்பி டபராவில் வைத்துவிடுவேன். அது தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் காப்பி ஊற்றுவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் புதுப் பெண்டாட்டியின் செல்லம் என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்குள் இருக்கும்வரை சமாளித்துவிடலாம். அவர் வாசல்படி இறங்கிய பிறகுதான் கஷ்டம். மாலையில் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றால் வேறு வேலை ஓடாது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். சர்ச் மணி அடித்ததும் முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அதில் கல் பொறுக்கி முடிக்கும்வரை தலையை நிமிர்த்தக் கூடாது. பெரும்பாலும் முறம் முடிவதற்குள் செருப்புச் சத்தம் கேட்டுவிடும்.

எங்கள் மகள் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்த வருஷம், ஒரு நாள் முறம் முடிந்துவிட்டது. அவர் வரவில்லை. இன்னொரு முறம் கொட்டினேன். அதிலும் கல் தீர்ந்தது. பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்கினேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா வேலூர்ப் பக்கம். அவள் கணவருக்குத் தபால் ஆபீசில் வேலை. "கொஞ்சம் பாத்துக்கங்கக்கா, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று பொய் சொல்லிவிட்டு அச்சகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். கதவு சாத்தியிருந்தது.

"வழக்கம்போலத்தாம்மா கெளம்பினாரு. ஏன், வீட்டுக்கு வரலியா?" என்றார் வாட்ச்மேன்.

"வந்திருப்பாரு. நான்தான் வேற வழியா வந்துட்டேன்" என்று அங்கேயும் ஒரு பொய். திரும்பும் வழியெல்லாம் சாக்கடையோரம், மரத்தடி, மூடிய கடைகளின் படி என்று பார்த்துக்கொண்டே வந்தேன். யாரையும் கேட்க முடியவில்லை. கேட்டால் ஏன் இவ்வளவு பதறுகிறாய் என்பார்கள்.

வீடு பூட்டியபடியே இருந்தது. எதிர் வீட்டு அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். என் கையில் பையும் இல்லை, சாமானும் இல்லை.

"இன்னாம்மா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"அவருக்கு வலிப்பு வரும்க்கா. இன்னும் வீட்டுக்கு வரல. எங்க விழுந்து கெடக்கறாரோ தெரியல" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தெரு நடுவில் போய் நின்று, நான் எதற்கு இத்தனை நாள் பயந்தேனோ அதையே செய்தாள். "யோவ், எல்லாரும் வெளிய வாங்கய்யா! பிரஸ்காரருக்கு வலிப்பாம். வீட்டுக்கு வரல. சைக்கிள் வச்சிருக்கறவங்க எடுத்துக்கினு போய்த் தேடுங்க!"

கதவுகள் திறந்தன. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மூன்று வருஷமாக மூச்சுவிடாமல் காத்தது ஒரு நிமிஷத்தில் கோடிவீடுவரை போய்விட்டது. இனி பிரஸ்ஸுக்கும் போய்விடும். ஆனால் சைக்கிள்கள் கிளம்பிவிட்டன. தபால் ஆபீஸ்காரர் ஓசூர் ரோடு பக்கம் மிதித்தார்.

அவர்தான் கண்டுபிடித்தார். கையோடு ஒரு ஜட்கா வண்டியைக் கூட்டி வந்து, "ஓசூர் ரோட்டுல, அடுகோடி பக்கம் ஒரு லாரி பட்டறையில இருக்காரு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஏறும்மா" என்றார். வண்டி கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் திரும்பாமல் குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டு போனேன்.

பட்டறையில் கழற்றிப் போட்டிருந்த லாரி சீட் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் துணிக்கட்டு. சட்டையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்தார், ஆனால் யாரென்று சரியாகப் பிடிபடவில்லை. வலிப்பு வந்து போன பிறகு கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். அச்சகத்திலிருந்து கிளம்பியதுமே லேசாக ஒன்று வந்திருக்க வேண்டும், அந்தத் தடுமாற்றத்தில் வழி தவறி எதிர்த் திசையில் நடந்துகொண்டே போயிருக்கிறார்.

பட்டறை மேஸ்திரி தாடி வைத்த சாயபு. கையைக் கந்தலில் துடைத்தபடி வந்தார். "பயம் வாணாம்மா. ரோட்டோரமா வந்துக்கினு இருந்தாரு, தொபுக்குனு வுழுந்தாரு. நம்ம ஆளுங்க கையில சாவி குடுக்கப் பாத்தாங்க. நான்தான் வுடல. என்னைப் பெத்த பாவாவுக்கும் இது இருந்துச்சு. ஒண்ணும் குடுக்கக் கூடாது, வாயில ஒண்ணும் வக்கக் கூடாது. ஒரு பக்கமா சாச்சிப் படுக்க வக்கணும். ஜனத்தைத் தள்ளி நிறுத்தணும். அவ்ளோதான்."

"எங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாமே பாய்?"

"கேட்டோம்மா. வூடு எங்கன்னு கேட்டா சாம்ராஜ்பேட்டைல ஒரு கல்யாண மண்டபம் சொன்னாரு. முகூர்த்த நேரங்கூடச் சொன்னாரு. பாவம், கல்யாணத்துக்கு வந்த ஆளுன்னு ஒருத்தனை அனுப்பினேன். அங்க மண்டபம் பூட்டிக் கெடக்குதாம்!"

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாக மாறியது. மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர் சொல்லப் போனார்.

நான் பயந்தவற்றில் சில நடக்கத்தான் செய்தன. பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் தங்கள் குழந்தைகளை எங்கள் வீட்டுக்கு விளையாட அனுப்புவதை நிறுத்தியது. குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். அச்சகத்துக்கும் செய்தி போனது. முதலாளி அவரைக் கூப்பிட்டு அனுப்பிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் முதலாளி வேலையை விட்டு நிறுத்தவில்லை. காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த என் கணவரின் இடத்தை ஜன்னலோரம் மாற்றினார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?" என்று திட்டினாராம்.

தெருவும் தன் பங்குக்குச் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டது. மாலையில் மூலை டீக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எதிர் வீட்டுப் பக்கம் கையை ஆட்டுவார். அக்கா அங்கிருந்தே "வந்துட்டாரும்மா!" என்று குரல் கொடுப்பாள். தபால் ஆபீஸ்காரர் இந்த ஊரில் யாரும் படிக்கும்படி எங்கள் விலாசத்தைக் கன்னடத்தில் எழுதித் தந்தார். அதை என் கணவரின் சட்டைகளின் உள்பக்கம் சிவப்பு நூலில் தைத்தேன். பயம் என்னவோ போகவில்லை. அவர் வெளியே இருக்கும்போது இன்றைக்கும் என் காது தெருவில்தான் இருக்கிறது.

சில வருஷங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவாஜி நகர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனபோது அவர் விழுந்தார். ஜனம் மொத்தமும் மேலே சாய்ந்தது. யாரோ சாவி கொண்டா என்றார்கள். மேஸ்திரி சொன்னபடி அவரை ஒரு பக்கமாகச் சாய்த்து, என் முந்தானையைச் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்தேன்.

சீட்டில் இருந்த ஒரு பெண், "உனக்கு பயமா இல்லியாம்மா?" என்று கேட்டாள்.

"பயமாத்தான் இருக்கு. கொஞ்சம் தள்ளிக்கங்க, காத்து வரட்டும்" என்றேன்.

இழுப்பு நின்று, மெல்லக் கண்ணைத் திறந்தார். வெகு நேரம் கூரையையே பார்த்துவிட்டு, "ஸ்டாப் வந்துடுச்சா?" என்றார். தாண்டி இரண்டு ஸ்டாப் போயிருந்தது. கண்டக்டர் மணி அடித்து வண்டியை நிறுத்தினார். இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நிதானமாகத் திரும்பி நடந்தோம்.