குப்பை என்று கூப்பிட்டவர்

திருவொற்றியூரில் ரத்த அழுத்தம் பார்க்கப் போகும் கிளினிக்கில், சீட்டு கூப்பிடுகிற ஆளை எனக்குப் பிடிக்காது. பருத்த கழுத்து, நெற்றியில் ஏற்றிய கண்ணாடி. வினோதமான பெயர் வந்தால் முதலில் தான் சிரிப்பார்; பிறகுதான் கூப்பிடுவார்.

“குப்பை! யாருப்பா இங்க குப்பை?”

பதினான்கு பேர் சிரித்தார்கள், எண்ணினேன். எழுந்துபோய் அவரிடம் கத்தினேன்.

“எனக்கு முன்னாடி பொறந்த மூணும் செத்துப்போச்சு. நானாவது தங்கணும்னு குப்பைமேட்டுல போட்டுப் புரட்டி வச்ச பேருய்யா இது. இதுல என்ன சிரிப்பு?”

அவர் கண்ணாடியை இறக்கி, சீட்டிலிருந்த என் வயதைப் பார்த்தார்.

“எழுபத்தொம்போது! பேரு நல்லாத்தான் வேலை செஞ்சிகீது நைனா. அப்பால இன்னாத்துக்கு பேஜாரு?”

இந்த முறை பதினைந்து பேர் சிரித்தார்கள். பதினைந்தாவது ஆள் நான். அதற்காகவும் சேர்த்துத்தான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.