துடைத்துக் கொடுத்த கண்ணாடி

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் நடந்தது இது. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர். வீடு பள்ளிகொண்டாவில். தினமும் பைக்கில்தான் போய் வருகிறேன். அதே கம்பெனியில், தைத்து வந்த தோலை அச்சில் இழுத்து ஷூவின் வடிவத்துக்குக் கொண்டுவரும் பிரிவில் வேலை பார்த்தவர் என் நண்பர். வயதில் என்னைவிடச் சின்னவர். பள்ளிகொண்டாவிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் அவருடைய கிராமம். காலையில் எங்கள் தெருமுனையில் எனக்காக நிற்பார். சாயங்காலம் சேர்ந்தே திரும்புவோம். பள்ளிகொண்டா வந்ததும் நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்; அவர் மேற்கொண்டு தன் கிராமத்துக்குப் போவார்.

அவர் மனைவிக்கும் எங்கள் கம்பெனியில்தான் வேலை. ஃபினிஷிங் பிரிவு. பெண்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு என்பதால் அவள் பஸ்ஸில் வந்து போவாள். நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

கம்பெனி வாசல் டீக்கடையில் ஹெல்மெட் பேச்சு அடிக்கடி வரும். தாடை வரை மூடும் முழு ஹெல்மெட் நல்லதா, முகம் திறந்து முன்னால் கண்ணாடி மட்டும் இறங்கும் ஹெல்மெட் நல்லதா என்று. புதிதாகச் சேர்ந்திருந்த இன்ஜினியர் முழு ஹெல்மெட் கட்சி. “தாடை போச்சுன்னா அப்புறம் இன்னா பண்ணுவீங்க? ஆயுசுக்கும் கஞ்சிதான்” என்பார். ஸ்டோரில் இருந்த தாடிக்காரப் பெரியவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். “வழியில பத்துப் பேர் சலாம் சொல்றான். மூஞ்சி தெரியாம எப்டி பதில் சொல்றது? இவன் பெரிய ஆளாய்ட்டான்னு பேசுவானுங்க.”

என் நண்பருடைய காரணம் வேறு, வழியில் இருக்கும் தோல் பதனிடும் ஷாப்புகள். “தோல் ஷாப்பு தாண்டும்போது அந்த வாசம் உள்ள வந்துச்சுன்னா, வெளிய போவ ஒரு வழி வேணும்ல பாய்? முழு ஹெல்மெட்டுன்னா அது உங்ககூடவே வீடு வரைக்கும் வரும்.” டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறும்.

மூக்குக்கண்ணாடி போடுபவன் என்பதால் நானும் முகம் திறந்த ஹெல்மெட்தான் வைத்திருந்தேன். காற்று வரும், பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்கும், மழையில் மூச்சு பட்டு மங்காது. தாடைக்குப் பாதுகாப்பு இல்லை என்பது தெரிந்ததுதான். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி தெளிவாக இருக்கும்வரை சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

ஃபினிஷிங் பிரிவில் கடைசி வேலை கறை எடுப்பது. ஷூவின் ஓரத்தில் பசை வழிந்திருக்கும், விரல் பட்ட தடம் இருக்கும். பசையைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். அதில் தங்கச்சியின் கை அவ்வளவு சுத்தம். அவள் துடைத்து அனுப்பிய ஜோடி திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்தத் துணியோடு வண்டி ஷெட்டுக்கு வருவாள். பைக்கின் பக்கக் கண்ணாடியில் மாட்டியிருக்கும் புருஷனின் ஹெல்மெட்டை எடுத்து, முன்கண்ணாடியில் ஒரு இழுப்பு. வெயிலில் மினுக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாட்டிவிட்டுப் போவாள். நாங்கள் பார்த்து அவரைக் கேலி செய்வோம். “உனக்கு இன்னாப்பா, வீட்லயே ஃபினிஷிங் ஆள் இருக்கு” என்போம்.

அந்த வருடம் ஆவணியில் என் ஹெல்மெட்டின் பட்டை அறுந்துபோய், பகலில் ஒரு வேலையாக வெளியே போக அவருடையதை வாங்கி மாட்டிக்கொண்டேன். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் எதிர்வெயில் அடித்தது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய்க் காகிதத்தை முகத்துக்கு எதிரே பிடித்தாற்போல ஒரே வெள்ளை. வண்டியை ஓரம் கட்டிக் கழற்றிப் பார்த்தேன். ஹெல்மெட்டோடு சேர்த்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் கறுப்புப் பஞ்சின் மேல் அது பளபளவென்றுதான் இருந்தது. தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரிந்தது, தலைமயிரைவிட மெல்லிய விரிசல்கள், ஓரம் முதல் ஓரம் வரை.

திரும்பி வந்ததும் கேட்டேன். “இதை மாட்டிட்டு எப்படிப்பா ஓட்டறே?”

“எதிர்வெயில் இல்லன்னா பகல்ல பரவால்ல பாய். இருட்டினா தூக்கி வெச்சுடுவேன்.”

“தின்னர் பட்டா பிளாஸ்டிக் இப்டித்தான் ஆவும். தங்கச்சிகிட்ட சொல்லு.”

“ஐய, சொல்லிடாதீங்க பாய். தொடச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பா பாருங்க, அந்த மூஞ்சிக்காவத்தான் விட்டு வெச்சிருக்கேன்.” சிரித்தார். “புதுசு மாட்டினாலும் அதையும்தான் தொடைப்பா. தீபாவளி போவட்டும், பக்குவமா சொல்லி மாத்திக்கறேன்.”

தீபாவளிக்கு முன்பே அந்த நாள் வந்துவிட்டது. மதியம் முழுக்க மழை. வேலை விடும் நேரத்தில் விட்டிருந்தது. மாதனூர் தாண்டும்போது இருட்டத் தொடங்கியது. பள்ளிகொண்டாவில் நான் பிரியும் இடத்தில் அவர் வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, “வர்றேன் பாய்” என்றார். நான் வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவுவதற்குள் போன் வந்தது. அவருடைய எண்ணிலிருந்து வேறொரு குரல்.

அவர் கிராமத்துக்குப் போகும் வழியில், ஒரு பெட்டிக்கடைக்கு எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் விளக்கு இல்லாமல் நின்றிருந்தது. கடை விளக்கைச் சுற்றி ஈசல். கீழே தரை தெரியாமல் இறக்கைகள். கடைக்காரர் சொன்னார்: “மழையாட்டம் கொட்டுச்சு பாய் ஈசலு. கையைத் தூக்கி மூஞ்சியத் தட்டினாரு. அவ்ளோதான். நேரா கரும்புக்குள்ள போய்ட்டாரு.”

ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை. தலையிலும் அடி இல்லை. எல்லா அடியும் முகத்திலும் கழுத்திலும். மேலே தூக்கிய கண்ணாடி தூக்கியபடியே இருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியவில்லை. இரண்டாம் நாள் விடிவதற்குள் போய்விட்டார்.

அதன்பின் டீக்கடையில் யாரும் ஹெல்மெட் பேச்சை எடுக்கவில்லை. அந்த இன்ஜினியரும் எடுக்கவில்லை.

கருமாதி முடிந்து தங்கச்சி வேலைக்கு வந்தாள். வந்த அன்றே கேன்டீனில் என் எதிரே வந்து நின்றாள்.

“அண்ணா, கண்ணாடி எறங்கி இருந்திருந்தா ஈசல் கண்ணுல வுழுந்திருக்காதுல்ல?”

“ஆமாம்மா.”

“அப்புறம் ஏன் தூக்கி வெச்சிருந்தாரு? சனிக்கிழமதானே பளபளன்னு தொடச்சுக் குடுத்தேன்?”

“மழைத்தண்ணி இருந்திருக்கும். மறைச்சிருக்கும்” என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு போனாள். சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். இந்தப் பொய் யாரையும் ஒன்றும் செய்யாது என்றும் நினைத்தேன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மதியம் ஷெட் பக்கம் போனேன். தங்கச்சி துணியும் கையுமாக நின்றிருந்தாள். வரிசையாக நின்ற பைக்குகளில் மாட்டியிருந்த ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஃபிட்டர் பக்கத்தில் நின்று, “அக்கா கை பட்டா புதுசாட்டம் ஆய்டுது பாய்” என்றார். அவள் அவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தொடச்சுத் தர்றேன்ல, அப்புறம் இன்னா? எவனும் கண்ணாடியத் தூக்கி வெச்சுட்டு ஓட்டாதீங்கடா. உங்க வீட்லயும் ஒருத்தி ஒக்காந்துட்டிருக்கா.”

 புருஷன் போன பிறகு அவள் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான். இதை எப்படி நிறுத்தச் சொல்வது? சுற்றுவழியில் முயன்றேன். ஃபினிஷிங் பிரிவு பொறுப்பாளரிடம், தின்னர் துணி வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போடச் சொன்னேன். போட்டார். அடுத்த சனிக்கிழமை துணியை டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். சோப்புத் தண்ணீரே போதும் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “சோப்புல பசை போவாதுண்ணா, உங்களுக்குத் தெரியாது” என்று சிரித்தாள்.

பொங்கலுக்கு முன் ஒரு சாயங்காலம். வேலை விட்டு வண்டிகள் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. ஃபிட்டர் என்னைக் கடந்து போனார். கண்ணாடி மேலே தூக்கியிருந்தது. நிறுத்திக் கேட்டேன். “என்னமோ தெரியல பாய், லைட்டு பட்டா ஒரே பேஜாரா இருக்கு. சிதறுது” என்றார். அவருடைய ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்த் தங்கச்சியைக் கூப்பிட்டேன். ஷெட்டுக்கு வந்தாள்.

“இதைத் தலையில மாட்டும்மா.”

“நானா? எதுக்குண்ணா? என்னை வண்டி ஓட்டச் சொல்றீங்களா?” முகத்தில் ஒரு சிரிப்பு. அதற்கு முன் அவள் ஹெல்மெட்டே போட்டதில்லையாம். மாட்டிக்கொண்டாள். கண்ணாடியை நானே இறக்கிவிட்டேன். என் பைக்கின் முன்விளக்கைப் போட்டேன்.

அவள் அசையாமல் நின்றாள். பிறகு துப்பட்டா நுனியை எடுத்து வெளிப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தாள். மறுபடி ஒன்று. கண்ணாடிக்குள் கையை விட்டு உள்பக்கமும் துடைத்தாள். கழற்றி விளக்குக்கு எதிரே பிடித்து, கறை போகாத ஷூவைப் பார்ப்பதுபோலச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஷூவுக்கு மேலே பளபளத்தால் போதும். ஷூவின் வழியாக யாரும் எதையும் பார்ப்பதில்லை. இத்தனை வருடம் அவளுக்குப் பழகிய வேலை அது.

“தின்னராலயாண்ணா?”

“ஆமாம்மா.”

“அவுரோடதும் இப்டித்தான் இருந்துச்சா?”

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் ஒரு வாக்கியம் என்னிடம் தயாராகத்தான் இருந்தது. ஃபிட்டர் கேட் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா.”

“அவுருக்குத் தெரியுமா?”

“தெரியும். உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. நீ தொடைக்கறது அவருக்குப் பிடிச்சிருந்ததும்மா.”

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவள் அழவில்லை. ஹெல்மெட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்னிடம் கேட்பதுபோல, யாரையோ கேட்பதுபோலக் கேட்டாள்.

“கொழம்புல உப்பு ஜாஸ்தின்னா சொல்வாரு. சட்டைல இஸ்திரி கம்மின்னா சொல்வாரு. இதைச் சொல்றதுக்கு இன்னாண்ணா? ஒரு வார்த்த என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?”

 “யக்கா, வர்றியா இல்லியா?” என்று பஸ்ஸிலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். ஹெல்மெட்டோடு பாதி தூரம் நடந்துவிட்டாள். பிறகு நினைவு வந்து திரும்பி வந்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன் ஷெட்டில் நின்றிருந்தாள். தான் துடைத்துக் கொடுத்த ஒவ்வொருவரிடமும் தானே போனாள். நான் அதைச் செய்கிறேன் என்று சொன்னதற்கு, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். “கண்ணாடிய மாத்திடுங்க. நான் தொடச்சதுல கெட்டுப்போச்சு. என் வீட்டுக்காரரு தூக்கி வெச்சுட்டுப் போனதும் இதாலதான்.” எல்லோரிடமும் இதே சொற்கள், ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல். கேட்டவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டோர் பெரியவர் மட்டும் தாடியை நீவிக்கொண்டு நகர்ந்தார். அந்த வாரத்துக்குள் அத்தனை பேரும் மாற்றிவிட்டார்கள். அவளும் எழுதிக் கொடுத்து பேக்கிங் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். இப்போது அட்டைப்பெட்டி மடிக்கிறாள். எதிரே பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

இப்போது நான் தாடை மூடிய ஹெல்மெட்தான் போடுகிறேன். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியில் ஒற்றி எடுக்கிறேன். தெரிந்தவர்களிடம் அதையே சொல்கிறேன். காரணம் கேட்டால் தின்னர் ஆகாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொரு வீட்டில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஹெல்மெட்டை மார்போடு அணைத்தபடி அவள் பஸ்ஸை நோக்கி நடந்தது நினைவுக்கு வரும்போதெல்லாம், நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட நாக்கு எழுவதில்லை.